அரிய பாட்டு, அநாதைப் பாட்டு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது ராஜாவா ரஹ்மானா பஞ்சாயத்து இல்லை. எம்.எஸ்.வி.யா கே.வி.எம்.மா பட்டிமன்றமும் இல்லை. அதெல்லாம் நம்ம பதிவுலகத்துல போதும் போதும்ங்கிற அளவுக்குப் பார்த்தாச்சு. இது வேற பஞ்சாயத்து. எல்.பி. ரிப்பா சிடியா, ரீமாஸ்டரா ஒரிஜினலா, 128-ஆ 320-ஆன்னு பழைய பாட்டுப் பிரியர்கள் விடிய விடிய அடிச்சுக்கறோமே, அதைப் பத்தி.

சுத்தி வளைக்காம சொல்றேன். ஒலித்தரத்துக்காக நாம போடற சண்டையில பாதியை, அந்தப் பாட்டு எந்தத் தட்டிலிருந்து வந்தது, அதுல யார் யார் வாசிச்சாங்கன்னு எழுதி வைக்கிறதுக்குச் செலவு பண்ணியிருந்தா, இன்னிக்கு நம்மகிட்ட அரிய பாட்டுகள் இருந்திருக்கும். இப்ப இருக்கறதுல பெரும்பாலும் அநாதைப் பாட்டுகள்தான். குரல் இருக்கு, ஊர் பேர் இல்லை.

இந்த எண்ணம் எனக்கு வந்ததுக்குக் காரணம் சங்கீதம் இல்லை, பொழப்பு. ஒரகடம் பக்கம் வண்டி பாகம் செய்யற ஒரு தொழிற்சாலையில நான் புடுங்கற ஆணி என்னன்னா, டிரேஸபிலிட்டி சாஃப்ட்வேர். அதாவது ஒவ்வொரு பாகத்துக்கும் ஜாதகம் எழுதறது. எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்த உருக்கு லாட், யார் சோதிச்சாங்கன்னு ஸ்கேன் பண்ணினா எல்லாம் வரணும். முழு வண்டிக்கு 17 எழுத்துல சேஸிஸ் நம்பர். நாலு வருஷம் கழிச்சு எங்கேயோ ஒரு பாகம் உடைஞ்சா, அதே லாட்டுல செஞ்ச மத்ததெல்லாம் எந்தெந்த வண்டியில ஏறியிருக்குன்னு கண்டுபிடிச்சாகணும். இருங்காட்டுக்கோட்டையில ஆரம்பிச்சு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் இதுதான் வேதம். பத்து ரூபா பெறாத போல்ட்டு பெட்டிக்குக்கூட லேபிள் இல்லாம உள்ளே விட மாட்டாங்க.

அந்த போல்ட்டுக்கு இருக்கற மரியாதை ஜானகியம்மா பாட்டுக்கு இல்லை. சும்மா வசனத்துக்காகச் சொல்லலை. உங்க போன்ல இருக்கற பழைய பாட்டு ஒண்ணை எடுத்து அதோட விவரத்தைப் பாருங்க. பாடியவர்ங்கிற இடத்துல ஏதோ ஒரு வெப்சைட் பேர் இருக்கும். ஆல்பம்ங்கிற இடத்துல 'ஓல்ட் ஹிட்ஸ் 3'. வருஷம் காலி. பாட்டோட பேரு 'டிராக் 05'.

இது எப்படி ஆச்சுன்னு தெரியணும்னா, இதே ஏரியாவைத்தான் பார்க்கணும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி 2006-ல போன் செய்ய ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடினாங்க. அந்தக் காலகட்டத்துலதான் தமிழ்நாட்டுல சின்ன ஊர் வரைக்கும் மெமரி கார்டு வந்து சேர்ந்தது. 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்'னு செல் கடை வாசல்ல எழுதிப் போட்டிருப்பாங்க. சின்னக் காசுக்கு நூத்துக்கணக்குல பாட்டு. அந்தக் கடைக்காரங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்க இல்லைன்னா எத்தனையோ பாட்டு இன்னிக்குக் கேக்கவே கிடைச்சிருக்காது. ஆனா ஒரு கார்டுலேர்ந்து இன்னொரு கார்டுக்கு மாறும்போது பாட்டு மட்டும்தான் போச்சு, பேரு போகலை.

அதுக்கு முந்தைய காலம் மட்டும் ரொம்ப ஒழுங்கான்னு கேட்டா, பாதி ஒழுங்கு. எண்பதுகள்ல ரெக்கார்டிங் சென்டர்னு ஊருக்கு நாலு இருக்கும். நாம பட்டியல் எழுதிக் குடுத்தா அவங்க எல்.பி.லேர்ந்து கேசட்ல பதிஞ்சு தருவாங்க. கேசட் அட்டையில நம்ம கையெழுத்துதான், பெரும்பாலும் படத்தோட பேரு மட்டும். வானொலி அதைவிட ஒசத்தி. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னாடி படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடினவங்கன்னு வரிசையா சொல்லுவாங்க. நம்ம அப்பா, மாமா தலைமுறைக்கு அத்தனை பாடலாசிரியர் பேரும் மனப்பாடமா இருக்குன்னா அதுதான் காரணம். வாயால சொல்லிச் சொல்லியே காப்பாத்தின ஜாதகம் அது. அந்தக் காதுகள் போனதும் ஜாதகமும் போயிடும்.

இப்ப அரிய பாட்டுன்னா என்னன்னு பார்ப்போம். படத்துல இல்லாம தட்டுல மட்டும் வந்தது ஒரு வகை. நம்மாளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் 'புத்தம் புது காலை'. 1981 'அலைகள் ஓய்வதில்லை' எல்.பி.யில இருக்கு, படத்துல கிடையாது. 2014-ல 'மேகா' படத்துக்காக ராஜாவே அதைத் திரும்பப் பதிவு பண்ணினார். ஆக, அந்தப் பாட்டு முப்பது வருஷத்துக்கு மேல தட்டு, கேசட், வானொலி தயவுலதான் உயிரோட இருந்தது. இன்னொரு வகை, படத்துல ஒரு மாதிரியும் தட்டுல வேற மாதிரியும் இருக்கறது. 78 சுத்துத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு, மூணேகால் நிமிஷம்தான் இடம். அதுக்குத் தகுந்த மாதிரி பாட்டைக் குறைப்பாங்க, இல்லைன்னா ரெண்டு பக்கமா உடைப்பாங்க. மூணாவது வகைதான் ரொம்ப முக்கியம்: தட்டைத் தவிர வேற எங்கேயுமே இல்லாதது.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா மூணாவது வகை. 1906-ல பிறந்து 1933 டிசம்பர்ல போயிட்டார். முதல் தமிழ் பேசும்படம்னு சொல்ற 'காளிதாஸ்' வந்ததே 1931-ல. கிட்டப்பா சினிமாவுல நடிக்கலை. கே.பி. சுந்தராம்பாளை நாம 'ஒளவையார்' (1953) படத்துல பார்க்கலாம், கேக்கலாம். கிட்டப்பா குரல் நம்ம காதுல விழுதுன்னா அது அந்த அரக்குத் தட்டுகளால மட்டும்தான். கீழே போட்டா சுக்கு நூறாகிற சாமான்.

இங்கதான் ஜாதகம் எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். கிட்டப்பாவைப் பத்திப் பேசினா முதல்ல வர்ற பேச்சு அவர் எத்தனை கட்டையில பாடினார்ங்கிறது. பேரு 78 தட்டுன்னாலும், அந்தக் காலத்துத் தட்டெல்லாம் கரெக்டா 78 சுத்துலதான் பதிவாச்சுன்னு கிடையாது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 78-ல பதிஞ்ச தட்டை 80-ல ஓட்டினா சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிடும். 82 சுத்துக்கு மேல போனா அரைக் கட்டையே ஏறிடும். அதாவது டர்ன்டேபிள் முள்ளு கொஞ்சம் நகர்ந்தா போதும், ஒரு மனுஷனோட சாரீரமே மாறிப் போகுது. கம்ப்யூட்டருக்கு மாத்தினவர் எந்த வேகத்துல ஓட்டினார்னு எழுதி வைக்கலைன்னா, நாம ரசிக்கறது கிட்டப்பா கட்டையா, அந்த மெஷின் மோட்டாரோட கட்டையான்னு யாருக்கும் தெரியாது. இது தெரியாமதான் 'என்னா கட்டைடா சாமி'ன்னு உருகிக்கிட்டு இருக்கோம் :-)

ஊசியும் அப்படித்தான். 78 தட்டோட பள்ளம் அகலம், எல்.பி. பள்ளம் குறுகல். எல்.பி. ஊசியால 78-ஐ ஓட்டினா அது பள்ளத்தோட அடிமட்டத்துல குப்பையைச் சுரண்டிக்கிட்டுப் போகும். வர்ற இரைச்சலைக் கேட்டுட்டு 'தட்டு வீணாப் போச்சு'ன்னு முடிவு கட்டிடுவோம். அப்புறம் இரைச்சலைக் குறைக்கறேன்னு சாஃப்ட்வேர்ல போட்டுத் தேய்ச்சு, குரலோட சேர்ந்து மூச்சையும் துடைச்சு எடுத்துடுவோம். நல்ல தட்டு, தப்பு ஊசி. ஆனா ஃபைலை மட்டும் வச்சுப் பார்த்தா குற்றவாளி தட்டுதான்.

தட்டுல ஜாதகம் இல்லாம இல்லை. லேபிள்ல கேட்டலாக் நம்பர் இருக்கும். அதைவிட முக்கியமானது, பாட்டு முடிஞ்சு லேபிள் தொடங்கறதுக்கு நடுவுல இருக்கற வெத்து இடத்துல பொறிச்சிருக்கற மேட்ரிக்ஸ் நம்பர். எந்த மூல அச்சுலேர்ந்து அந்தத் தட்டு வந்ததுன்னு சொல்றது அதுதான். தட்டோட சேஸிஸ் நம்பர்னு வச்சுக்கோங்க. ஒரே பாட்டு ரெண்டு மேட்ரிக்ஸ் நம்பர்ல இருந்தா, ரெண்டு வேற பதிவா இருக்க வாய்ப்பு இருக்கு, ரெண்டு தடவை பாடியிருக்கலாம். ரசிகர்கள் போடற ரிப்புல இந்த நம்பரைக் குறிச்சு வைக்கிற ஆளை விரல் விட்டு எண்ணிடலாம். லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தா ஒரு நிமிஷ வேலை.

சரி, தட்டு வேணா பழைய கதை. வாசிச்சவங்க? அதுதான் என்னை நெஜமாவே உறுத்தற விஷயம்.

எங்க கம்பெனி பஸ் வண்டலூர்லேர்ந்து படப்பை வழியா ஒரகடம் வரும். டிரைவர் அண்ணன் பென் டிரைவ்ல எப்பவும் எண்பதுகள்தான். பஸ்ஸுல ஒரு இசை ஆர்வலர் கோஷ்டியே இருக்கு. ஒரு நாள் ஒரு பாட்டு ஓடும்போது, லைன்ல வேலை பார்க்கற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, அதிகம் பேசாத ஆள், 'சார், இதுல தபேலா எங்கப்பா'ன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கோடம்பாக்கத்துல ரொம்ப வருஷம் வாசிச்சவராம், இப்ப இல்லை. நம்ம கோஷ்டியில ஒருத்தர், கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை, ஆர்வக் கோளாறுதான், 'அப்படியா, எங்கேயாவது பேர் போட்டிருக்கா'ன்னு கேட்டுட்டார். அந்தாளு சிரிச்சுக்கிட்டே, 'வீட்ல சொல்லுவாரு சார், அவ்ளோதான்'னார். அதுக்கப்புறம் வாயே திறக்கலை.

இதுக்கு என்ன பதில் சொல்றது? எல்.பி. உறையில படத்தோட பேரு இருக்கும், நடிகர் படம் இருக்கும், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடினவங்க பேரு இருக்கும். வாசிச்சவங்க பேரு? பெரும்பாலும் கிடையாது. சினிமாவுக்கு வெளியே வந்த 'ஹவ் டு நேம் இட்' (1986) மாதிரி ஆல்பம்னா வி.எஸ். நரசிம்மன் வயலின்னு ஊருக்கே தெரியும். 'நத்திங் பட் விண்ட்' (1988) குழல் ஹரிபிரசாத் சௌராசியான்னு தெரியும். நெப்போலியன் அருண்மொழிங்கிற பேர்ல பாடவும் செஞ்சதால அவர் புல்லாங்குழலும் நமக்குத் தெரியும். மத்தவங்க? தொண்ணூறுகள்ல ரஹ்மான் கேசட் அட்டைகள்ல வாசிச்சவங்க பேரைப் பார்த்தப்போ நம்ம சனம் அதிசயமாப் பேசினதே, அதுக்கு முன்னாடி அது வழக்கமில்லைங்கிறதுக்குச் சாட்சி.

பேர் போடாதது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் இல்லை. 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி உரிமையை உறுதி பண்ணினாங்க, பெர்ஃபார்மர்களுக்கும் சில உரிமைகளைச் சேர்த்தாங்க. அதே திருத்தத்துல யார் பெர்ஃபார்மர்ங்கிற விளக்கத்துக்கு ஒரு விதிவிலக்கும் போட்டாங்க. சினிமாவுல தற்செயலா, துணுக்கா வந்து போற பங்களிப்பு, தொழில் வழக்கப்படி டைட்டில்லயோ வேற எங்கேயுமோ பேர் போடாத ஆள்னா, அவரைப் பெர்ஃபார்மரா எடுத்துக்க மாட்டாங்க, தன் பங்களிப்பைச் சிதைக்கறதை எதிர்க்கற உரிமை ஒண்ணைத் தவிர. பழைய வாத்தியக்காரங்களுக்கு இந்தச் சட்டம் பணம் வாங்கித் தரும்னு நான் சொல்லலை. பேர் அச்சாகறதுக்கு என்ன கனம்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்குங்கிறேன். நமக்குத்தான் தெரியலை.

மறுவெளியீட்டுக்கு வருவோம். 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு'ன்னு அட்டையில மின்னும். எதிலேர்ந்து? மூல டேப்பா, எல்.பி.யா, இல்லை யாரோ போட்ட எம்பி3-யா? ஒரு வரி இருக்காது. மோனோ பாட்டைப் போலி ஸ்டீரியோ ஆக்கி, ரிவெர்ப் சேர்த்து, சத்தத்தை உச்சத்துக்கு ஏத்தி, இடைவெளியில கூசாம ஒரு டிரம் லூப்பையும் சொருகி வைக்கிறவங்க இருக்காங்க. நான் புதுசா மெருகேத்தறதுக்கு எதிரி இல்லை. செய், ஆனா செஞ்சேன்னு சொல்லு. நம்மாளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. 128 எம்பி3-ஐ எடுத்து ஃப்ளாக்கா மாத்தி 'ஒரிஜினல் எல்.பி. ரிப்'னு விடற புண்ணியவான்கள் உண்டு. ஆடாசிட்டில போட்டு அலைவரிசைப் படத்தைப் பாருங்க. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கத்தியால வெட்டின மாதிரி கோடு இருந்தா பெரும்பாலும் சாயம் வெளுத்துடும்.

வெளிநாட்டுல எப்படின்னு ஒரு உதாரணம். ஹாரி ஸ்மித்னு ஒருத்தர் 1952-ல ஃபோக்வேஸ் கம்பெனிக்காகப் பழைய 78 தட்டுகள்லேர்ந்து 84 பாட்டைப் பொறுக்கித் தொகுத்தார். எல்லாம் 1920கள் கடைசி, 30கள் தொடக்கத்துல வந்த கிராமத்துப் பாட்டுகள், நம்ம தெம்மாங்கு மாதிரி வச்சுக்கோங்க. கூடவே ஒரு கையேடு. ஒவ்வொரு பாட்டும் எந்தக் கம்பெனி, எந்த நம்பர், எந்த வருஷப் பதிவுன்னு அதுல இருக்கு. அந்தக் கையேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தலைமுறையே பழைய பாடகர்களைத் தேடிப் போச்சு, உயிரோட இருந்த சிலரைக் கண்டுபிடிச்சு மறுபடி மேடையேத்தினாங்க. 1997-ல அதையே சிடியாப் போட்டப்போ கையேட்டையும் விடாமப் போட்டாங்க. அங்கே பழைய பாட்டோட வேர் அறுபடாததால அதுலேர்ந்து புதுசும் முளைக்குது. அங்கிள் டுபேலோங்கிற பசங்க 1990-ல தங்களோட முதல் ஆல்பத்துக்கு, கார்ட்டர் குடும்பம் 1936-ல பதிஞ்ச பாட்டோட பேரை வச்சாங்க. ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரின்னு ஒரு வகையே அதையொட்டி வளர்ந்தது. 1995-ல வந்த 'நோ டிப்ரஷன்' பத்திரிகைக்கும் அதே பேருதான்.

நம்ம ஊர்ல ஆளே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் (2016-ல மறைஞ்சார்) தமிழ்ப் படங்களோட தகவலை ஒத்தை ஆளாத் திரட்டி 2004-ல புத்தகமாவே போட்டார். வாமனன் 'திரை இசை அலைகள்'னு தொகுதி தொகுதியா எழுதினார். வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்த இசைத்தட்டும் அதைப் பத்தி எழுதினதும் பிரசித்தம். பட்டியல் போடறவன்தான் பொக்கிஷத்தைக் காப்பாத்தறான்னு இவங்களைப் பார்த்தாலே தெரியும். சோகம் என்னன்னா, தனி மனுஷன் உழைப்பையே நம்பிக்கிட்டு இருக்கோம்.

இப்ப வரக்கூடிய பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

'பாட்டை ரசிச்சா போதாதா, நம்பரை வச்சு நாக்கு வழிக்கறதா?' தாராளமா ரசிங்க. ஆனா 'இதுதான் ஒரிஜினல்'னு சண்டைக்கு வந்தா நம்பரோட வாங்க.

'எங்கிருந்து எடுத்தோம்னு எழுதினா காப்பிரைட் பிரச்சினை வருமே?' நியாயமான பயம். நம்ம சட்டப்படி ஒலிப்பதிவோட உரிமை, வெளியான வருஷம் போக 60 வருஷம். 1950கள்ல வந்த தட்டுகளோட ஒலிப்பதிவு உரிமை எப்பவோ முடிஞ்சாச்சு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு: எழுதினவர் மறைஞ்ச வருஷம் போக 60. பாபநாசம் சிவன் 1973-ல மறைஞ்சார். அதனால 1944 'ஹரிதாஸ்' தட்டோட ஒலி சுதந்திரமானாலும் அவர் வரிகளுக்கு 2033 கடைசி வரைக்கும் காலம் இருக்கு. இந்தக் கணக்கைப் போடறதுக்கே தேதியும் பேரும் வேணும் பாருங்க! அதோட, தட்டு விவரத்தை மட்டும் எழுதி வைக்கிறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். பாட்டை ஏத்தாதீங்க, ஜாதகத்தை மட்டும் ஏத்துங்க.

'கஷ்டப்பட்டு மூர் மார்க்கெட்டு, பழைய பேப்பர் கடைன்னு அலைஞ்சு சேர்த்தது, சும்மா குடுக்கணுமா?' தட்டை யாரும் கேக்கலை அண்ணாச்சி. உங்க அலமாரி உங்களுதுதான். ஆனா 'என்கிட்ட மட்டும்தான் இருக்கு'ங்கிற பெருமை அந்தத் தட்டு உடையற நாள் வரைக்கும்தான். உங்களுக்கு அப்புறம் வீட்டுல அதை எடைக்குப் போட்டா, உள்ளே என்ன இருந்ததுங்கிற சேதிகூட மிஞ்சாது.

அதனால நம்ம பதிவர் மக்கள்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுல, தாத்தா பொட்டியில, பரண்ல தட்டோ கேசட்டோ இருந்தா:

1. லேபிள் ரெண்டு பக்கமும், உறை முன்னாடி பின்னாடியும் போட்டோ எடுங்க.
2. கேட்டலாக் நம்பர், மேட்ரிக்ஸ் நம்பர் ரெண்டையும் குறிங்க.
3. கம்ப்யூட்டருக்கு மாத்தினா எந்த வேகம், எந்த ஊசி, எந்த மெஷின்னு எழுதுங்க.
4. துடைச்சது, ஏத்தினது, இறக்கினது எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லுங்க. துடைக்காத மூல ஃபைலை அழிக்காதீங்க.
5. வாசிச்சவங்க யாருன்னு தெரிஞ்சா, யார் சொல்லித் தெரியும்ங்கிறதோட எழுதுங்க. 'மகன் சொன்னார்'னாலும் அது ஒரு பதிவுதான். நாளைக்கு இன்னொருத்தர் அதே பேரைச் சொன்னா ரெண்டு சாட்சி ஆச்சு.

அஞ்சாவதுக்கு மட்டும் நேரம் ரொம்பக் குறைச்சல். தட்டு இன்னும் அம்பது வருஷம் தாங்கும். எழுபதுகள், எண்பதுகள்ல வாசிச்சவங்க தாங்க மாட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒருத்தரைப் போய்ப் பார்த்து, எந்தப் பாட்டுல என்ன வாசிச்சீங்க ஐயான்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. பிட்ரேட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.

டிஸ்கி: 'எங்கிட்ட இருக்கு, லிங்க் வேணுமா'ன்னு பின்னூட்டம் போடறவங்க தயவுசெஞ்சு லிங்க்கோட மேட்ரிக்ஸ் நம்பரையும் போடவும். நம்பர் இல்லாத லிங்க் வாசல்லயே திருப்பி அனுப்பப்படும், எங்க ஃபேக்டரி கேட்டுல லேபிள் இல்லாத பெட்டி மாதிரி :-)